பதினான்காம் வளைவு

கோரிமேடு தாண்டும்போது ஆட்டம் சமநிலை.
பின்சீட்டில் ஒஸ்வால்டோ.
எஸ்டேட்டில் காப்பிப்பழம் தோலுரிக்கிற எந்திரம் நின்றுபோய்
கடல் தாண்டி வரவழைத்த ஆள்.
ஸ்வெட்டருக்குள் நாவல்பழ நிறத்தில் ஜெர்சி.
அஸ்தம்பட்டியில் நான் வாங்கிக் கொடுத்த தட்டுவடை செட்
ஒரே ஒரு கடியோடு மடியில் கிடக்கிறது.

உங்கள் நாடு எங்கே என்று கேட்டேன்.
போனில் மேப்பைத் திறந்து விரல் வைத்தார்.
விரலுக்கடியில் மறைந்துபோனது நாடு.

அடிவாரச் செக்போஸ்டில் வண்டி நம்பர் எழுதுவதற்குள்
கூடுதல் நேரமும் முடிந்துவிட்டது.
பெனால்டி என்றார்.
அது எனக்கும் தெரிந்த சொல்தான்.

கொண்டை ஊசி வளைவு 4/20 என்றது பலகை.
அதையும் ஸ்கோர் என்று நினைத்தாரோ என்னவோ,
தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்,
யார் அந்த இருபது என்பதுபோல.

ஏழாவதில் சிக்னல் போனது.
திரையில் ஒருவன் ஓங்கிய காலோடு,
பந்து புல்லைவிட்டு ஒரு சாண் மேலே,
கோல்கீப்பர் வலப்பக்கம் சாய்ந்தபடி.
நடுவில் ஒரு வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.
ஜன்னலுக்கு வெளியே போனை நீட்டிப் பார்த்தார்.
மூடுபனி அதை நனைத்துக் கொடுத்தது, அவ்வளவுதான்.

சலாலாவில் நான் தண்ணி லாரி ஓட்டிய வருசம்
இப்படி ஒரு இறுதி ஆட்டம். கிரிக்கெட்.
பேசக் காசில்லை.
தாதகாப்பட்டியிலிருந்து தம்பி மிஸ்டு கால் கொடுப்பான்.
ஒரு ரிங் என்றால் நாலு, இரண்டு என்றால் ஆறு,
விடாமல் அடித்தால் விக்கெட்.
டேங்க் நிரம்பும்வரை குழாயடியில் குந்தி
மணலில் குச்சியால் கணக்குப் போட்டேன்.
பாதியில் அவன் போன் செத்துவிட்டது.
இன்னும் முப்பத்தெட்டு வேண்டும்.
அந்த ராத்திரி முழுக்க முப்பத்தெட்டு வேண்டியே இருந்தது.
காலையில் டீக்கடை மலையாளி உதட்டைப் பிதுக்கும்வரை
நாங்கள் தோற்கவே இல்லை.

டேஷ்போர்டிலிருந்து பட்டன் போனை எடுத்தேன்.
இந்த மலையில் அதுதான் பேசும்.
"பழனியம்மா, டிவில பந்து வெளையாட்டு வெய்யி."
"சீரியல் ஓடுதுங்க."
"வெய்யி ஆத்தா, அவசரம்."
"வெச்சாச்சு… ஒருத்தன் ஓடியாறான்… நின்னுட்டான்…
ஒதச்சான். உள்ள போயிருச்சுங்க."
"என்ன சட்டை?"
"வெள்ளை."
"இப்ப?"
"நாவப்பழக் கலரு. சின்னப் பையனுங்க…
ஐயோ, கம்பில பட்டுருச்சே."
அப்புறம் கொஞ்ச நேரம் கூட்டத்தின் இரைச்சல் மட்டும்.
"அழுவுறாங்க."
"யாரு?"
"எல்லாருந்தான். செயிச்சவனும் மண்டி போட்டு அழுவுறான்.
அந்தப் பதினாறாம் நம்பர் பையன் நம்ம கதிராட்டமே இருக்கான்.
யாராச்சும் அவனைத் தூக்கி விடுங்களேன்."
டிவிக்குள் இருப்பவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு எட்டினார் ஒஸ்வால்டோ.
"கோல்?"
வளைவு ஒடிக்கிறவன் முகத்தை வைத்துக்கொண்டேன்.
செய்தி என் வாயில் தமிழாக இருந்தது.
"நோ சிக்னல்" என்றேன்.

பதினான்கு தாண்டினால் டவர் வந்துவிடும்.
வட்டம் நின்றுவிடும், பந்து நகரும்,
கம்பி அங்கேயேதான் இருக்கும்.

பதினான்கில் பிரேக்கை மிதித்தேன்.
விளக்கைத் தணித்து, உதட்டில் விரல் வைத்து,
சில்வர் ஓக் மரங்களின் இருட்டைக் காட்டினேன்.
தலைக்கு மேல் இரண்டு கையையும் கொம்பாக வளைத்தேன்.
காட்டெருமை.
அவர் மூச்சை அடக்கிக்கொண்டார்.
கண்ணாடியில் மூக்கு ஒட்டத் தேடினார்.

பெரிய மாடு. அவசரப்படாத மாடு.
அது ரோட்டைக் கடந்து முடிக்கட்டும் என்று
இரண்டு பேரும் காத்திருந்தோம்.
அவர் மடியில் தட்டுவடை பக்கத்தில்
பந்து இன்னும் ஒரு சாண் உயரத்தில்.